பிள்ளையின் மணிக்கட்டில் அடிமட்டத்தை வைக்காதீர்கள்



கீபோர்ட், பியானோ வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம். சந்தோசம். ஆனால் நம்ம ஹட்டன் பக்கத்துச் சில வகுப்புகளில் நடப்பதைப் பார்த்துவிட்டு வாய் மூடியிருக்க முடியவில்லை. புறங்கையில் ஒரு ரூபாய் குற்றியை வைத்து, விழாமல் வாசி என்கிறார்கள். விழுந்தால் மணிக்கட்டில் அடிமட்டத்தால் ஒன்று. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. டியூசனுக்குப் போனால் மட்டும் பிள்ளையின் கை மரமாகிவிடுமா?

அடியை விடுங்கள், அந்தக் குற்றியே பிழை. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டின் ஒடுங்கிய வழியாகத்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டை இறுக்கியோ மடித்தோ வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசித்தால் பாரமெல்லாம் அங்கேதான் விழும். கை கட்டைகளின் மேல் நகரும்போது முன்கையும் கூடவே நகர வேண்டும், மணிக்கட்டு இளகியிருக்க வேண்டும். ஷோபின் தன் மாணவர்களுக்குச் சொன்னதும் இதுதான். நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம் என்றும் சொன்னவர் அவர். குற்றி வைப்பவர்கள் அவரைவிடப் பெரிய வித்துவான்களா?

"வலிக்குது" என்று பிள்ளை சொன்னால், "பழகினா சரியாகும்" என்கிறார்கள். வீட்டிலும் அதே பதில். காரணம் விளங்குகிறது. 18 கிலோ கொழுந்து இல்லாவிட்டால் அரைப்பேர் என்ற கணக்கில் வாழும் அம்மாவுக்குக் கைவலி ஒரு செய்தியா? ஆனால் இரவில் விரல் விறைத்து, கையை உதறிக்கொண்டு எழும்பும் அம்மாக்கள் நம்ம லயங்களில் எத்தனை பேர்! இருபது வருசம் பழகியும் அவர்களுக்குச் சரியாகவில்லையே.

(சங்கீதம் கூடுமா, கூடாதா என்று கமெண்டில் இழுக்க வேண்டாம். நான் பேசுவது கையைப் பற்றி.)

சாப்பாட்டு மேசையில் கீபோர்டை வைத்தால் முழங்கை கீழே தொங்கும், மணிக்கட்டு வளையும். கதிரையில் தலையணை போட்டு முழங்கையைக் கட்டைகளின் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நுவரெலியாக் குளிரில் விறைத்த கையோடு வாசிக்க விடாதீர்கள், முதலில் கை சூடாகட்டும். வலிக்கிறது என்றால் அன்றைக்கு வாசிப்பு முடிந்தது, கிரேட் பரீட்சை அடுத்த வாரமாக இருந்தாலும்.

அடுத்த வகுப்புக்கு நீங்களும் போய் ஒரு மூலையில் உட்காருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால், அந்த மாதக் காசைக் கட்டாதீர்கள்.