மழை மேல பழி போடாதீங்க சாரே!

பழவங்காடி கணபதிக்கு உடைக்கிற தேங்காயில் பாதி, "இந்த மழைக்கு லிங்க் போயிடக் கூடாதப்பா" என்ற வேண்டுதலோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு :-) இந்த ஏரியாவில் நிமிர்ந்து பார்த்தால் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒரு கம்பம், அதில் ஒரு ரேடியோ, ஒரு டிஷ். மழை வந்தால் அதில் பாதி ஊமையாகிவிடும்.

நான் படித்தது பி.காம்., பிழைப்பது பேங்கில். வயர்லெஸ் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்கலாம். "லிங்க் இல்லை" என்று கவுண்டரில் நின்று சொல்ல வேண்டியவன் நான்தானே சாமி! மாத ஆரம்பத்தில் பென்ஷன் எடுக்க ரெண்டு பஸ் மாறி வருகிற அம்மாக்கள், "எந்தா மோனே, நாளெ வரணோ?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது எஞ்சினியர் இல்லை. அந்த அம்மாவுக்கு அது மருந்துக் காசு.

ஃபைபர் இருக்கே என்பீர்கள். இருக்கிறது. 2023 ஜூனில் கே-ஃபானும் வந்துவிட்டது. ஆனால் ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக இந்த நகரத்துச் சாலைகளைத் தோண்டிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு, மாடியில் ஒரு ரேடியோ ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். லிங்க் போனதும் டெக்னீஷியன் சொல்கிற முதல் வசனம்: "மழையல்லே சாரே." இது பாதி உண்மை. சாட்டிலைட்டோடு பேசுகிற கேயூ பேண்ட் வி-சாட் என்றால், கனமழை சிக்னலை நிஜமாகவே தின்னும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு மழை தின்பது ரொம்பக் கொஞ்சம். அதுவும் மழை நின்று வெயில் வந்த பிறகுதான் லிங்க் திரும்புகிறது என்றால், தண்ணீர் வானத்தில் இல்லை, உங்கள் கனெக்டருக்குள் இருக்கிறது.

எப்படிப் போகிறது? பகலில் பெட்டி சூடாகி உள்ளே காற்று விரிகிறது. திடீர் மழையில் குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது இண்டு இடுக்கு வழியாக ஈரத்தை உறிஞ்சுகிறது. பெட்டியில் ஐபி67 என்று போட்டிருக்கும். புதுப் பெட்டியை ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்த சோதனை அது. வருஷக்கணக்கில் வெயிலும் சங்குமுகத்துக் கடல் காற்றும் தின்ற ரப்பர் வளையத்துக்கு அந்த நம்பர் உத்தரவாதம் தராது. கேபிள் வழியே கரண்டும் போகிறதென்றால், ஈரம் பட்ட செம்பு சீக்கிரமே பச்சை பூத்துவிடும்.

தடுக்கிற வழிகள் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை:

1. கேபிள் பெட்டிக்குள் கீழிருந்துதான் நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.
2. கனெக்டர் மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். கீழிருந்து மேலே, ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்கிற மாதிரி. அதற்கு மேல் வெயில் தாங்கும் டேப்.
3. வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும்.
4. பெட்டியின் அடியில் கம்பெனிக்காரன் விட்ட வடிகால் ஓட்டையை "பாதுகாப்பு" என்று அடைக்காதீர்கள். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக அதுதான் வழி.

இவ்வளவுதான். பிறகேன் நடப்பதில்லை? இங்கேதான் என் காமர்ஸ் மூளை வேலை செய்கிறது. டெண்டரில் பெட்டிக்கு ஐபி நம்பர் கேட்கிறோம், மாட்டுகிற வேலைக்கு எதுவும் கேட்பதில்லை. குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். அவர் மிச்சம் பிடிக்கிற முதல் இடம் டேப். ரேடியோ செத்தால் பல ஆயிரத்துக்குப் புதுசு சாங்ஷன் ஆகிவிடும். சில நூறு ரூபாய் டேப்புக்கு பில் போடத்தான் தலைப்பு கிடைக்காது!

இன்னொன்று. எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைதான். இங்கே ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் இடியோடு துலாவர்ஷம். வருஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்கிற ஏ.எம்.சி. இந்த ஊருக்குப் பத்தாது. மே நடுவில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு கனெக்டருக்கும் டேப் சுற்றும் முன் ஒரு போட்டோ, சுற்றிய பின் ஒரு போட்டோ. அது இல்லாமல் பில் பாஸ் ஆகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வேலை தானாக நடக்கும். கடன் கொடுக்கும்போது டாக்குமெண்ட் இல்லாமல் ஒரு ரூபாய் விடுவோமா?

அடுத்த முறை யாராவது "மழையல்லே சாரே" என்றால், தலையாட்டி அனுப்பாதீர்கள். மாடிக்குப் போய் அந்தக் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால், குற்றவாளி மழை இல்லை.