சபரகமுவைக்கு ஓர் உள்நாட்டுச் சரக்குத்துறை

கப்பல் கடலில் நிற்பினும், சுங்கச் சோதனையும் கொள்கலன் நிரப்புதலும் உள்நாட்டிலேயே நிகழ்தல் கூடும். இந்தியா 1981ஆம் ஆண்டிற் பெங்களூரில் அத்தகைய சரக்குத்துறை ஒன்றைத் தொடங்கியது. தேயிலையும் இறப்பரும் மிகுதியாய் விளையும் சபரகமுவைக்கும் அஃதொன்று வேண்டும் என்பதே எம் கருத்து. ஆயின், எங்கே அமைத்தல் தகும்?

மாகாணத்தின் தலைநகராகிய இரத்தினபுரியே உரிய இடம் எனச் சிலர் கூறுவர். பண்டு அந்நகரின் சரக்குகள் களுகங்கையிற் படகேறிக் களுத்துறை சென்றன. 1912இற் புகையிரதமும் வந்தது. எனினும், அவிசாவளைக்கு அப்பாற்பட்ட அப்பாதை 1976இல் மூடப்பட்டது. 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களையும் நாம் மறத்தற்கில்லை. இருப்புப்பாதையின்றிச் சரக்குத்துறை அமைத்தல், பாரவூர்திகளின் தரிப்பிடத்தைக் கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கு மாற்றுவதேயாகும்.

கேகாலையின் வடபகுதிக்கு இறம்புக்கணை அணித்தாயினும், யட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களுக்கு அது சேய்த்து. அவிசாவளையோ, அகலப் புகையிரதப்பாதை முடிவுறும் இடம். இரத்தினபுரி வீதியும் அற்றன் வீதியும் பிரியும் சந்தி. மேல் மாகாணத்துட்பட்டதாயினும், சபரகமுவையின் வாயில் அதுவே. வளைவுகள் மலிந்த ஒற்றைப்பாதையைச் சீர்செய்து, ஆற்று வெள்ளம் எட்டாத மேட்டுநிலத்தைத் தெரிந்து, அதன் அயலிலேயே துறையை அமைத்தல் நன்று என்போம்.

இனி, யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மேட்டுநிலம் தேடுவோர் கண்ணில் முதலிற் படுவது தோட்டநிலமே. 1992 முதல் கம்பனிகளின் பொறுப்பிலுள்ள அரச தோட்டங்களைக் குத்தகைப் பத்திரத்தைத் திருத்தி மீளப் பெறுதல் அரசுக்கு எளிது. ஆனால், தலைமுறை தலைமுறையாய் லயன் அறைகளில் வாழும் தொழிலாளர் அப்பத்திரத்தில் ஒரு தரப்பினரல்லர். அவர்தம் குடியிருப்பு வரைபடத்தில் ஒரு சிறு கோடு. அவர்க்கோ அதுவே ஊர். படகும் புகைவண்டியும் அவர் பறித்த கொழுந்தையும் வெட்டிய பாலையும் துறைமுகம் சேர்த்தன. அவர்க்கு ஒரு பிடி மண்ணையேனும் உரிமையாக்கினவல்ல.

ஆதலின், லயன் இல்லாத நிலத்தையே முதலில் நாடுக. இயலாதவிடத்து, அடிக்கல் நாட்டுமுன் அக்குடும்பங்கட்கு உறுதியுடன் காணியும் வீடும் வழங்குக. அவர்தம் பிள்ளைகளைத் துறையின் கணக்கு, சுங்கம், இயந்திரப் பணிகட்குப் பயிற்றுக.

நம் பழைய மாணவருட் பொறியியலாளரும் நிருவாகிகளும் பலர் உளர். இடந்தெரியும் பொறுப்பு அவர் மேசையை எய்தும்போது, சரக்கின் தூரத்தை அளப்பதோடு, மனிதர் வாழ்வையும் அளந்து முடிவு செய்வாராக.