ரயில் போன வழியில் சைக்கிள்

"இந்த வயசில் சைக்கிளாம்மா?" என்று மகள் சிரித்தாள். அவள் இருப்பது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில். நான் சேலையை மடித்து வைத்துவிட்டு, அவளுடைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தைரியத்துக்குக் காரணம் உண்டு. நாங்கள் போனது பழைய ரயில் பாதை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறினால் வழுக்கும். அதனால் அந்தக் காலத்திலேயே மேட்டைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, கூடியவரை சமமாகப் போட்டிருக்கிறார்கள். என் மூட்டுக்கு வேறென்ன வேண்டும்?

மிசௌரி, கான்சாஸ், டெக்சாஸ் என மூன்று மாநிலப் பெயர்களும் சேர்ந்த ரயில் கம்பெனி அது. ஜனங்கள் 'கே', 'டி' என்று சுருக்கி, 'கேட்டி' என்றே கூப்பிட்டார்கள். இன்று 'கேட்டி டிரெயில்', சுமார் 240 மைல். நாங்கள் ரோச்போர்ட் என்ற குட்டி ஊரில் 243 அடி நீள ரயில் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு, கிழக்கே சில மைல் போனோம். இடப்பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், வலப்பக்கம் மிசௌரி ஆறு. பாதையிலும் சுண்ணாம்புக் கல் தூள்தான். செருப்பெல்லாம் விபூதி!

ரயிலை நிறுத்தியதும் இந்த ஆறுதான். 1986 வெள்ளம் தண்டவாளத்தை அரித்ததும், கம்பெனி இந்த வழியையே கைவிட்டது. டெட் ஜோன்ஸ், பாட் ஜோன்ஸ் தம்பதி பெரும் நன்கொடை தர, 1990-ல் சைக்கிள் பாதையின் முதல் பகுதி திறந்தது. 1993-ல் மறுபடி வெள்ளம், மறுபடி சரிசெய்தார்கள்.

ஆனால் வழியோர விவசாயிகள் பலர் சண்டை போட்டார்கள். "ரயிலுக்குத்தான் வழி விட்டோம். ரயில் நின்றால் நிலம் எங்களுக்குத்தானே?" வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்த எனக்கு இது நியாயமாகவே படுகிறது. 1983-ல் வந்த சட்டமோ, 'நாளை ரயில் திரும்ப வரலாம். அதுவரை வழியைக் கலைக்காமல் நடக்கவும் சைக்கிள் விடவும் வைத்துக்கொள்ளலாம்' என்றது. வெர்மான்ட் மாநில வழக்கு ஒன்றில் 1990-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. நிலக்காரர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்றும் சொன்னது. ஆக, நான் சைக்கிள் விட்டது ரயிலுக்காக எடுத்து வைத்திருக்கும் இடத்தில்!

திரும்பும்போது வயலில் டிராக்டர் ஓட்டிய பெரியவர் கையைத் தூக்கினார். அன்று சண்டை போட்ட குடும்பமோ என்னவோ. நானும் ஒரு கையைத் தூக்கினேன். ஹேண்டில்பார் ஆடியது. "அம்மா, ரெண்டு கையும்!" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள்.