தூண்டிலுக்கு முந்தைய வலை

சூரை மீனைக் கழித்தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கும் முறைக்கு உலகச் சந்தையில் நல்ல பெயர். மாலத்தீவின் கழித்தூண்டில் சூரைக்கு 2012-இல் எம்.எஸ்.சி. என்னும் பன்னாட்டுச் சான்று கிடைத்தது. நம் லட்சத்தீவிலும் சூரைத் தொழில் பெரும்பாலும் இந்த முறையை நம்பித்தான் நடக்கிறது. ஆமை சிக்காது, ஓங்கில் சிக்காது, கடலடி உழப்படாது. வேண்டாத மீன் வந்தாலும் ஒன்றிரண்டுதான். இழுவலையோடும் சுருக்குமடியோடும் வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர் தகுதியானதே. ஆனால் அந்தத் தூண்டில் கடலில் விழுவதற்குச் சில மணி நேரம் முன்பு ஒரு வலை விழுந்திருக்கிறது என்பது சான்று முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. கொசுவலையைவிடச் சற்றே பெரிய கண்ணி கொண்ட அந்த வலையில் விரல் நீள மீன்கள் உயிரோடு பிடிபடுகின்றன. அவை இல்லாவிட்டால் கழியும் இல்லை, சூரையும் இல்லை. நம் மீன்பிடி விதிகள் சூரையைப் பார்க்கின்றன, படகைப் பார்க்கின்றன. இந்த இரைமீன் வலையை மட்டும் சரியான கோணத்தில் பார்க்கவில்லை. அதைத் தடை செய்யச் சொல்லவில்லை. கண்ணி அளவை வைத்து எழுதிய பொது விதி இந்த வலைக்குப் பொருந்தாது. எந்த மீனை, எந்த இடத்தில், எப்படிப் பிடிப்பது என்று பிரித்து எழுதிய விதி வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். லட்சத்தீவின் மினிக்காய் தீவில் தொன்றுதொட்டு வரும் முறை இது: காயலுக்குள் மணல் திட்டு இருக்கும் இடமாகப் பார்த்துப் படகை நிறுத்துகிறார்கள். சதுர வலை ஒன்றை நான்கு கழிகளில் கட்டி நீருக்குள் தாழ்த்துகிறார்கள். இடித்த மீன் சதையை மேலிருந்து தூவினால் அதைத் தின்னக் குட்டி மீன்கள் கூடும். வலையை மெல்லத் தூக்குவார்கள். அதற்குப் பின்தான் கைப்பக்குவம். இந்த மீன்களைக் கையால் அள்ளினால் செதில் உதிரும். செதில் உதிர்ந்தால் சாகும். ஆகவே நீரோடு சேர்த்து மொண்டு, படகின் நடுவிலுள்ள தொட்டியில் விடுகிறார்கள். தொட்டியின் அடியில் துளைகள் இருப்பதால் கடல்நீர் உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கும். வெளிக்கடலில் சூரைக் கூட்டம் தென்பட்டதும் ஒருவர் இந்த மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீசுவார். படகிலிருந்து தண்ணீரும் தெளிக்கப்படும். நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் கலங்கும்போது வெறிபிடித்து மேலே வரும் சூரை, முள் இல்லாத தூண்டிலைக் கவ்வும். கழியைச் சுண்டினால் மீன் படகுக்குள் விழுந்து தானாகக் கழன்றுவிடும். தொட்டி காலியானால், எதிரே எத்தனை பெரிய கூட்டம் நின்றாலும் வேலை முடிந்தது. மாலத்தீவுக் கணக்கில் ஒரு கிலோ இரைமீனுக்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து கிலோ சூரை. அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் இரைமீன் இப்படிச் செலவாகிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஓரத்தில் ஒதுக்கிவிடக்கூடிய அளவு அல்ல அது.

இனி மீன்களுக்கு வருவோம். தொட்டிக்குள் போகிற எல்லாவற்றையும் நாம் இரைமீன் என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். கடலில் அவை இரு வேறு கூட்டம். முதலாவது, நெத்திலியைப் போல் வெள்ளிக்கோடு மின்னும் மெல்லிய மீன்கள். மினிக்காயிலும் மாலத்தீவிலும் இவற்றை ஹொந்தெலி, ரெஹி என்பார்கள். வளர்ந்தாலும் இவை ஒரு விரல் நீளத்தைத் தாண்டுவது அரிது, ஓராண்டுகூட வாழாதவை, அடிக்கடி முட்டையிட்டு வேகமாகப் பெருகுகிறவை. இரண்டாவது, பவளப்பாறையை வீடாகக் கொண்டவை. கிளைப் பவளத்தின் இடுக்கில் ஒளியும் நீலப்பச்சை மீன்கள், பகலில் பாறைப் பொந்தில் கிடந்து இரவில் வெளிவரும் சிவப்பு மீன்கள், பின்னாளில் ஓரடி வரை வளரக்கூடிய கூட்டமீன்களின் குஞ்சுகள். இவற்றுக்கு ஆயுளும் அதிகம், பாறையை விட்டுப் போகவும் தெரியாது. ஓரிடத்தில் வழித்து எடுத்தால் அந்த இடம் காலிதான். லட்சத்தீவில் 2001-இல் வந்த அறிவிக்கை கரைவலை, சுருக்குவலை போன்றவற்றில் 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணியைத் தடுக்கிறது. குஞ்சு தப்பிக்க வேண்டும், வளர்ந்தது மட்டும் அகப்பட வேண்டும் என்பது கண்ணி விதியின் நோக்கம். இரைமீன் வலையில் அந்த நோக்கம் நிற்காது. முழு வளர்ச்சி பெற்ற ஹொந்தெலியும், நாளை ஓரடி வளரப் போகிற பாறைமீனின் குஞ்சும் ஒரே அளவு. கண்ணியைப் பெரிதாக்கினால் இரண்டும் தப்பும், தொழில் நின்றுவிடும். சிறிதாகவே விட்டால் இரண்டும் மாட்டும். வலைக்குப் பிரித்தறியத் தெரியாததால் அந்த வேலையை விதிதான் செய்ய வேண்டியிருக்கிறது.

பிரிப்பது கடினமும் இல்லை. முதல் கூட்டத்தை மணல் திட்டில் தூக்குவலை போட்டுப் பிடிக்கலாம். இரண்டாம் கூட்டத்தைப் பிடிக்கப் பவளத்தை வலையால் வளைக்க வேண்டும், மீன் வெளியே வரும்படி கலைக்க வேண்டும். கிளைப் பவளம் முறியாமல் இது நடப்பதில்லை. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்துப்போயின. ஒரு வெளுப்பிலிருந்து தேறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கடலின் சூட்டைத் தீவு நிர்வாகம் குறைத்துவிட முடியாது. தேறி வரும் பவளத்தின் மேல் வலையை இழுக்காதே என்று சொல்ல முடியும். இரவில் விளக்கு வைத்து இரைமீனைக் கூட்டுவது மாலத்தீவில் பெருவழக்காகிவிட்டது. நம் நாட்டில் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தில் எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்பை மத்திய அரசு 2017 நவம்பரில் தடுத்தது. ஆனால் கரையோரக் கடலும் காயலும் அந்தந்த மாநில, ஒன்றியப் பிரதேச விதிகளின் கீழ் வருகின்றன. இரைமீன் பிடிபடுவதோ காயலுக்குள். விளக்கைத் தேடி மீன் வருவது இந்த இனம், அந்த இனம் என்ற வேறுபாட்டோடு நடப்பதில்லை என்பதால், காயலுக்குள் விளக்குக்கு இடமில்லை என்று உள்ளூர் விதியிலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

இதற்கு முதல் மறுப்பு உயிரியலின் பேரால் வரும். ஓராண்டு வாழாத மீன் எப்படியும் சாகப் போகிறது, பிடித்தால் என்ன? ஹொந்தெலியைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. அதனால்தான் அதைப் பிடிக்கும் தூக்குவலைக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம் என்கிறேன். மீதிப் பாதி வேறு மாதிரி. குறுகிய ஆயுள் கொண்ட மீனுக்குப் பழைய தலைமுறையின் சேமிப்பு கிடையாது. ஒரு பருவத்தில் குஞ்சு பெருகாமல் போனால் அடுத்த சில மாதங்களுக்குக் காயல் வெறுமையாகிவிடும். அப்படி வெறுமையாகும்போது படகு சும்மா நிற்பதில்லை, பாறைமீனை நோக்கித் திரும்புகிறது. மேலும் ஹொந்தெலி தொட்டியில் சீக்கிரம் செத்துப்போகும். பாறைமீன் நாள்கணக்கில் தாங்கும். படகு பெரிதாகி, தூரம் போகப் போக, தாங்கும் மீனுக்கே கை நீளும். ஆக, பெருகும் மீனைக் காட்டி விதி வேண்டாம் என்பவர்கள், அது கிடைக்காத நாளில் எது பிடிபடுகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. காலநிலை மாற்றத்துக்குக் காரணம் தீவுக்காரர்கள் இல்லை. பெரிய கப்பல்கள் சுருக்குமடியில் ஒரே இழுப்பில் அள்ளுவதை இவர்கள் கழியில் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். இவர்கள் தலையிலா இன்னொரு விதியை வைப்பது? நியாயமான கோபம். விதி மேலிருந்து இறங்கினால் அந்தக் கோபத்துக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் இரைமீன் தட்டுப்பாட்டின் சுமையைச் சுமப்பது யார் என்று கேட்க வேண்டும். காயல் முழுக்கச் சுற்றியும் தொட்டி நிறையாத நாளில் டீசல் செலவு படகுக்காரருக்கு. கூலி இழப்பு உடன் போனவர்களுக்கு. பெரிய கப்பலை இது தொடுவதில்லை. காயலைக் காக்கும் விதி முதலில் காப்பது இவர்களின் வேலைநாளைத்தான். மினிக்காயில் ஊருக்கு ஊர் பொடுகாக்கா என்னும் தலைவர் இருக்கிறார். ஊர்ப் பொதுவேலைகளைப் பங்கிட்டுச் செய்யும் பழக்கம் இன்றும் இருக்கிறது. எந்தத் திட்டில் எந்த மாதம் வலை போடலாம் என்று முடிவெடுக்க இதைவிடத் தகுதியான சபை எது? சாலமன் தீவுகளில் 1970-களில் தொடங்கிய கழித்தூண்டில் கம்பெனி, இரைமீன் பிடிக்கக் காயலுக்குள் வந்தபோது அந்தக் காயலுக்கு மரபுரிமை கொண்ட குடிகளுக்குப் பணம் கட்டியே வலை போட்டது. பங்கீட்டில் சண்டை சச்சரவு வராமல் இல்லை. ஆனாலும் இரைமீனுக்கு உரிமையாளர் உண்டு, விலை உண்டு என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இரைமீனைப் பண்ணையில் வளர்த்துவிட்டால் காயலைத் தொடவே வேண்டாமே என்பது மூன்றாவது. கேட்க நன்றாக இருக்கிறது. கிரிபாட்டி நாட்டில் பால்கெண்டைக் குஞ்சுகளை வளர்த்துச் சூரைப் படகுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. லட்சத்தீவில் இருப்பதோ 32 சதுர கிலோமீட்டர் நிலம், அதில் குளம் வெட்ட இடம் எங்கே? ஜப்பானியரிடம் கற்க வேறொன்று உண்டு. அங்கே பிடித்த நெத்திலியை உடனே படகில் ஏற்றுவதில்லை. மிதக்கும் வலைக்கூண்டில் சில நாள் விட்டு, அடைப்புக்குப் பழகிப் பிழைத்ததைத்தான் விற்கிறார்கள். தொட்டியில் சாவது குறைந்தால் காயலிலிருந்து எடுப்பதும் குறையும். நொய்மையான ஹொந்தெலிக்கு நெத்திலியின் வழி அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டியின் நீரோட்டத்தைச் சீராக்குவதும், ஒரு தொட்டியில் எத்தனை மீன் என்று வரம்பு வைப்பதும் பெரிய செலவில்லாதவை. மானியம் என்றதும் எஞ்சினுக்கும் படகு நீளத்துக்கும் கொடுக்கிற வழக்கத்தை விட்டு, ஒரு பங்கை இதற்குத் திருப்பினால் பலன் கூடும்.

தமிழ்நாட்டுப் பத்திரிகையில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இருந்த காலத்தில், 1958-இலேயே அதன் ஆய்வாளர் எஸ். ஜோன்ஸ் மினிக்காயின் இரைமீன் பிடிப்பைத் தனியே ஆராய்ந்து எழுதினார். நம் தென்கடலோரச் சமையலில் தூளாக்கிப் போடும் மாசி, இந்தச் சூரையை அவித்துப் புகையிட்டுக் காயவைத்ததுதான். இன்னொன்று நேரடியாக நம்மைத் தொடுகிறது. பாக் நீரிணையின் இழுவலைப் படகுகளுக்கு மாற்றாக 2017-இல் தொடங்கிய ஆழ்கடல் திட்டம், மீனவர்களை, ஒரே கயிற்றில் பல தூண்டில் கோத்த சூரை நீள்தூண்டிலுக்கும் செவுள்வலைக்கும் திருப்பப் பார்க்கிறது. படகின் விலை, கடன் தவணை, பயிற்சி என்று எவ்வளவோ பேசியாயிற்று. ஆயிரம் தூண்டிலுக்கு ஆயிரம் இரை வேண்டும், அது கணவாயோ சாளையோ எந்த வலையில் வரப்போகிறது என்ற கேள்வி மட்டும் பேச்சில் வருவதில்லை. ஒரு வலையைக் குறைக்கப் போய் இன்னொரு வலையைக் கூட்டிவிடக் கூடாது என்றால் லட்சத்தீவின் பாடம் இங்கேயும் வேண்டும்.

விதி எப்படி இருக்கலாம்? மணல் திட்டில் தூக்குவலைக்குத் தடையில்லை. பவளத்தைச் சுற்றி வளைக்கும் வலை கூடாது. காயலுக்குள் விளக்கு கூடாது. திட்டுகளில் சிலவற்றை ஊர்ச்சபை முறைவைத்து மூடித் திறக்கட்டும். சூரை எடையைப் பதியும் ஏட்டில் இரைமீனுக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்: எந்தக் கூட்டத்து மீன், எங்கே பிடித்தது, எத்தனை வாளி, தொட்டியில் செத்தது எவ்வளவு. மாலத்தீவு தன் படகு ஏட்டில் இரைமீனுக்கு இடம் வைத்திருக்கிறது; நமக்கும் முடியும். தென்மேற்குப் பருவத்தில் படகுகள் கரையேறி நிற்கும் மாதங்களில் உட்கார்ந்து பேசி எழுதினால், அக்டோபரில் தொழில் சூடுபிடிக்கும்போது நடைமுறைக்கு வந்துவிடும். அபராதத்தோடு தொடங்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அபராதப் பயம் வந்த நாளிலிருந்து ஏட்டில் பொய் ஏறும். முதல் இரண்டு பருவங்களுக்கு ஏட்டை நிரப்புகிற படகுக்கு டீசல் மானியத்தில் முன்னுரிமை, நிரப்பாத படகுக்கு வரிசையில் கடைசி இடம் என்று வைத்தாலே போதும். எந்தத் திட்டை மூடுவது என்பதை அதன்பின் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசலாம்.