பீஸ் கட்டை

பண்ணைப்புரத்தில் அம்மா வீட்டு மீட்டர் பலகையை மாற்ற எலெக்ட்ரீஷியன் தம்பி வந்திருந்தார். பழைய பீங்கான் பீஸ் கட்டைகள் நான்கைக் கழற்றித் திண்ணையில் வைத்தார். “காயலான் கடையிலகூட எடுக்க மாட்டாங்கக்கா” என்றார். குப்பைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

இந்த மாதிரிப் பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன ஊர் விருத்தாசலம். பக்கத்திலேயே நெய்வேலி. 1957-ல் நேரு தொடங்கிவைத்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அங்கே இருக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளி ஒதுக்க வேண்டும். ‘மேல்மண்’ என்பார்கள். கொட்டிக் கொட்டிக் குன்று குன்றாக நிற்கிறது.

அந்த மேல்மண்ணுக்குள் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. தண்ணீரில் கரைத்தால் மணல் முதலில் அடியில் தங்கிவிடும். மிதக்கிற மெல்லிய களியை வடித்து உலர்த்துவார்கள். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் கல் பொடிகளைச் சேர்த்து, அச்சில் அழுத்தி, 1200 டிகிரி வாக்கில் சுட்டால் ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கரண்டும் பாயாது, சூட்டுக்கும் அசையாது. மண்ணில் இரும்பு கூடினால் வெள்ளை போய்விடும். நம்மூர்ச் செங்கல் சிவப்பதும் அதனால்தான்.

கரண்டைக் கொடுத்த குழியே அதற்குக் கடிவாளமும் கொடுத்திருக்கிறது, பாருங்கள்!

அந்தக் குழி ஒரு காலத்தில் வயலும் வீடுமாக இருந்தது. களிமண் பயன்படுகிறதே என்று சொல்லி அதை நியாயப்படுத்தினால் நான் ஒப்ப மாட்டேன். நிலத்தை விட்டுப் போன குடும்பங்களுக்குப் பீங்கான் ஆறுதல் ஆகாது. ஆனால் தோண்டியது தோண்டியாகிவிட்டது. வெள்ளைக் களியையும் செம்மண்ணோடு கலந்து மேட்டில் கொட்டினால் நஷ்டம் இரட்டிப்பு. வெட்டும்போதே தனியாக ஒதுக்கினால்தான் உண்டு. கலந்த பிறகு பிரிப்பது அரிசியில் கலந்த ரவையைப் பொறுக்குகிற கதை.

பீங்கான் கட்டையின் இடத்தை இப்போது பிளாஸ்டிக் உடம்புள்ள ட்ரிப் சுவிட்ச் பிடித்துக்கொண்டது. வசதிதான், கம்பி கட்ட வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறார்கள். கார்த்திகைக்கு அகல் வாங்கும்போது ஒரு தடவை கேட்டு வாங்குங்களேன்.

நான்கு கட்டைகளில் ஒன்றை அம்மா எடுத்துக்கொண்டார். கம்பம் பள்ளத்தாக்கின் ஆடிக் காற்றுக்குப் பேப்பர் பறக்காமல் இருக்க அதைவிட நல்ல பாரம் கிடையாதாம்.