காற்றில் ஊன்றிய கை

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்திலே ரிஷபவாகன தேவர் நிற்கிறார். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தவர். 1011-ஆம் வருஷத்துச் செப்புத் திருமேனி. இடையை லேசாக வளைத்து, ஒரு கையை மடக்கி எதன்மீதோ சாய்ந்தாற்போல நிற்கிறார். எதன்மீது? அங்கே ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய காளை போய்விட்டது. ஆனாலும் காற்றில் ஊன்றிய அந்தக் கையே காளையின் உயரத்தைச் சொல்லிவிடுகிறது!

இதை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. ஊரும் பேரும் வேண்டாம். ஒரு மண்டபத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். தத்துவம் வந்தது, ராஜராஜன் பெருமை வந்தது, கைதட்டலும் வந்தது. சிலை மட்டும் வரவில்லை. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருப் பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்தானே ஒருவன், அவனைப் பற்றி ஒரு வார்த்தை? சுவாமிமலையில் இன்றும் அந்த வேலை நடக்கிறது. ஒரு ஸ்தபதியை மேடையில் ஏற்றினால் குடி முழுகிப் போய்விடுமா?

கலை ரசனைக்கு வகுப்புகள் வைக்கிறார்கள், சந்தோஷம். முதல் நாள் பேச்சே வேண்டாம் என்பேன். ஒரு நாற்காலி, ஒரு சிலை, ஒரு மணி நேரம். பெயர்ப் பலகையைத் துணி போட்டு மூடிவிடுங்கள்.

"போரடிக்குமே, ஸார்!" என்றார் நண்பர். தொடர்கதையின் கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொள்ள மூன்று வாரம் எடுத்துக்கொண்டாலும் பொறுமையாகக் காத்திருக்கிறவர் அவர்.