எக்ஸ்-காம்: மூப்படைந்தது எது?

விமானத்தின் சாய்தளம் இறங்கியிருக்கிறது. வெளியே கும்மிருட்டு. முன்னால் நிற்கும் சிப்பாயை ஆட்டக்காரர் இரண்டு கட்டம் நகர்த்துகிறார். கொட்டகைப் பக்கமிருந்து ஒரு பச்சை ஒளிக்கீற்று பாய்கிறது, ஆள் சரிந்துவிட்டார். முதல் முறை இன்னும் முடியக்கூட இல்லை.

1994இல் வெளிவந்த ‘எக்ஸ்-காம்: யூஎஃப்ஓ டிஃபென்ஸ்’ பலருக்கும் இப்படித்தான் அறிமுகமானது. ஐரோப்பாவில் அதன் பெயர் ‘யூஎஃப்ஓ: எனிமி அன்னோன்’. முப்பது ஆண்டுகள் கடந்த பிறகும், முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டுகளைப் பற்றி வடிவமைப்பாளர்கள் பேச உட்கார்ந்தால் இதன் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. கூடவே ஒரு கேள்வியும் வரும்: இன்று அதை ஆட முடியுமா? இதற்கு ஒரே பதில் தேடுவதால்தான் விவாதம் முடிவதில்லை. அதைக் கையாள முடியுமா என்பது ஒரு கேள்வி. அதன் விதிகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்பது வேறு கேள்வி.

முதல் கேள்வியில் எக்ஸ்-காம் தேறாது. 320க்கு 200 புள்ளித் திரையில் பெயரில்லாத குட்டிக் குட்டிப் பொத்தான்கள். எது எதற்கென்று அறிய அச்சிட்ட கையேடே கதி. சண்டைக்கு முன் ஒவ்வொரு சிப்பாய்க்கும் துப்பாக்கி, தோட்டா, கையெறிகுண்டு என்று தனித்தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த சண்டையில் அதே வேலை மறுபடியும். கொண்டுபோகும் பொருட்களுக்கு 80 என்று வரம்பு வேறு. கடைசி எதிரி ஏதோ ஒரு வீட்டு மாடியில் பதுங்கிவிட்டால், தேடித் தேடியே பொறுமை போய்விடும்.

இந்தக் குறைகளைத் தனியே பிரித்துக் களைந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தன்னார்வலர்கள் அடியிலிருந்து புதிதாக எழுதிய ‘ஓபன்எக்ஸ்காம்’, 2014இல் 1.0 பதிப்பை எட்டியது. அசல் ஆட்டத்தின் கோப்புகளைக் கொண்டே இயங்கும் அது, பழைய பிழைகளைத் திருத்தியது, பொத்தான்களுக்கு விளக்கம் தந்தது, சிப்பாய்களின் ஆயுதங்களை நினைவில் வைத்துக்கொண்டது. சண்டை விதிகளில் மட்டும் கைவைக்கவில்லை. வடிவமைப்புத் துறைக்கு இப்படியொரு சோதனை எளிதில் கிடைக்காது: மேற்பூச்சு மாறிவிட்டது, உள்ளே இருப்பது 1994தான். ஆனாலும் ஆட்டம் ஆளை எழுந்திருக்க விடுவதில்லை.

அந்தப் பிடி குறி தவறிய தோட்டாவில் இருக்கிறது. எக்ஸ்-காமில் சுடப்படும் ஒவ்வொரு தோட்டாவும் களத்தில் ஒரு பாதையில் பறக்கிறது. குறி தப்பினால் திசை சற்று விலகும். அந்தத் திசையில் வேலியோ சன்னலோ சொந்தச் சிப்பாயின் முதுகோ, எது இருந்தாலும் அதில் போய்ப் படும். சுவர் உடைந்தால் புதிய வழி திறக்கும். புகைக்குண்டு பார்வையை மறைக்கும். பற்றியெரியும் தீ இருட்டில் வெளிச்சம் தரும். முன்கூட்டி எழுதிவைத்த காட்சி எதுவும் தேவைப்படாமல், விதிகள் ஒன்றோடொன்று மோதியே கதைகள் பிறக்கின்றன.

நேர அலகுகளும் அப்படித்தான். நடக்க, திரும்ப, மண்டியிட, சுட, எல்லாவற்றுக்கும் அவை செலவாகும். மிச்சம் வைத்திருப்பவர் எதிராளியின் முறையிலும் சுடலாம். யார் முந்துவார் என்பதை எதிர்வினைத் திறனும் மிச்சமிருக்கும் நேரமும் சேர்ந்து தீர்மானிக்கும். சாய்தளத்தில் விழுந்த சிப்பாய் இந்தக் கணக்கில்தான் தோற்றார். எதிரி நேரத்தைச் சேமித்துவைத்துக் காத்திருந்தது.

ஜூலியன் கோலப், சகோதரர் நிக்குடன் சேர்ந்து, 1988இல் வந்த தமது ‘லேசர் ஸ்குவாட்’டின் தொடர்ச்சியாகத்தான் எக்ஸ்-காமைத் தொடங்கினார். இன்னும் பெரிதாக வேண்டும் என்று வெளியீட்டாளரான மைக்ரோப்ரோஸ் கேட்டதால், சண்டைக்கு மேலே உலக உருண்டை வந்து அமர்ந்தது. வேற்றுக்கிரகவாசிகளை எதிர்க்கும் எக்ஸ்-காம் படைக்கு இந்தியா உட்பட 16 நாடுகள் மாதந்தோறும் நிதி தருகின்றன; நிலைமை மோசமானால் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். களத்தில் பறிபோன உயிரும் கைப்பற்றிய ஆயுதமும் மாதக் கடைசியில் கணக்குக்கு வரும்.

2012இல் ஜேக் சாலமன் தலைமையில் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் இதைப் புதிதாக உருவாக்கியபோது நேர அலகுகளை நீக்கி, ஒரு முறைக்கு இரண்டு செயல்கள் என்று சுருக்கியது. படையும் அதிகபட்சம் ஆறு பேர். தெளிவு கூடியது, புதியவர்கள் திரளாக வந்தார்கள். அந்தத் துணிச்சலைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அங்கே சுடுவது ஒரு சதவீதக் கணக்கு. தவறிய தோட்டா தற்செயலாக இன்னொருவர் மீது படுவதில்லை. பக்கத்தில் நின்று சுட்டும் குறி தப்பும்போது ஆட்டக்காரர் எரிச்சலடைவதற்கு இதுவும் ஒரு காரணம். தோல்விக்குக் கண்ணெதிரே காரணம் தெரிந்தால் மனம் ஏற்றுக்கொள்கிறது.

பழைய ஆட்டத்தைப் போற்றுவோர் மறக்கக் கூடாத கதையும் ஒன்று உண்டு. டாஸ் பதிப்பில் எவ்வளவு கடினமான நிலையைத் தேர்ந்தெடுத்தாலும், ஆட்டம் சற்று நகர்ந்ததுமே சத்தமில்லாமல் மிக எளிய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தப் பிழை யாருக்கும் தெரியவில்லை. கைதேர்ந்தவர்கள் ஆட்டம் எளிதாக இருக்கிறது என்றார்கள். 1995இல் வந்த அடுத்த பாகமான ‘டெரர் ஃப்ரம் தி டீப்’ அதனால் கொடூரமாகக் கடினமாக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் சொன்னது உண்மை. அதற்கான காரணத்தைத்தான் தயாரித்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

ஆக, எக்ஸ்-காமின் இடைமுகம் காலாவதியாகிவிட்டது. விதிகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. அதை ஆடிப் பார்க்காத வடிவமைப்பாளர்கள் அசல் ஆட்டத்தை வாங்கி, ஓபன்எக்ஸ்காமில் முதல் ஐந்து சண்டைகளையாவது ஆடட்டும். பிறகு தங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியை மேசையில் வைக்கட்டும்: நாம் உருவாக்கும் ஆட்டத்தில் குறி தவறிய தோட்டா எங்கே போகிறது?